முப்பதாவது வருஷம்

சொத்து விபரம்:
பெர்ரி நாட்டில், பூர்ழ் நகரில்,
தோல் பதனிடுவோர் சந்துக்குக் கிழக்கு,
கன்னியர் மடத்துச் சுவருக்கு மேற்கு,
ஔரோன் ஆற்றுக்கு வடக்கு,
கேடுகெட்ட என் மைத்துனன் தோட்டத்துக்குத் தெற்கு,
இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட
மாடி வீடு ஒன்று, கிணறு ஒன்று,
பேரிக்காய் மரம் இரண்டு.

பார்த்தெலெமி ரவினேல் இதை மனப்பாடமாகச் சொல்வார்
பாசலில், சாயக்காரர் விதவை வெரேனாவின் மாடியறையில்,
சட்டம் படிக்க வந்த பையன்களுக்கு.
உதாரணம் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.
கட்டணமாகப் பாதிப் பேர் விறகு, ஒருவன் பாலாடைக்கட்டி.
அதில் கால்வாசி எலிக்கு.

'உடையவன் கேளாமல் முப்பது வருஷம் கழிந்தால்
இருப்பவனே உடையவன்.
தூங்குகிறவனுக்குச் சட்டம் விசிறி வீசாது.'

அவர் தூங்கவில்லை.
எழுபத்திரண்டில், தன் பெயர் கொண்ட அப்போஸ்தலரின்
திருநாளுக்கு இரண்டு நாள் கழித்து,
ஒற்றைச் செருப்போடு சுவரேறிக் குதித்தவர்.
குதிக்கும்முன் சாவியைக் குமாஸ்தாவிடம் எறிந்து
'கொஞ்சம் பார்த்துக்கொள்' என்றார்.
எலுவா தபுரே பார்த்துக்கொண்டான்.
கல்யாணம் செய்து, ஆறு பிள்ளை பெற்று,
பேரிக்காய் விற்று,
பார்த்துக்கொண்டான்.

இங்கே இவர் அரசர்களின் சரித்திரம் எழுதினார்.
நானூறு வருஷத்துக் கிரீடங்களுக்கு வில்லங்கம் பார்த்தார்:
எவன் கையெழுத்து பொய்,
எந்தச் சாட்சி செத்த பிறகு சாட்சி சொன்னான்.
ஒன்பதாம் புத்தகத்தில்
தான் சுவரேறிய வருஷம் வந்ததும்
மை காய்ந்துவிட்டது என்றார். வெரேனா புது மை வாங்கினாள்.
அதுவும் காய்ந்தது.

மூன்று வருஷமாகத் திரும்பிப் போகலாம் என்கிறார்கள்.
அரசாணை வந்துவிட்டது, முத்திரையோடு.
வெரேனா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள்.
அவர் அதில் வெங்காயம் போட்டு வைத்தார்.

பாசலில் கடிகாரங்கள் அக்கம்பக்கத்து ஊர்களைவிட
ஒரு மணி முந்தி அடிக்கும்.
'என் கெடு இங்கே ஒரு மணி முன்னதாகத் தீரும்' என்று
ரைன் படகுக்காரனிடம் சொல்லிச் சிரித்தார்.
அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவனும் சிரித்தான்.

முப்பதாவது வருஷத் தவக்காலத்தில்
லியோன் பட்டு வியாபாரி ஒரு கடிதம் கொண்டுவந்தான்.
தபுரேயின் அதே இடப்பக்கம் சாய்ந்த எழுத்து:
'எஜமான் அவர்களுக்கு. உங்கள் வீட்டின் வடமேற்கு மூலை
ஒழுகுகிறது. மூன்று கொத்தன் பார்த்தும் பிடிபடவில்லை.
எந்த ஓடு என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

ஜன்னலருகே போய் மறுபடி படித்தார்.
உங்கள் வீட்டின்.
மடையன். தன் கையாலேயே, தேதியும் போட்டு.
இருப்பவன் உடையவனை ஒப்புக்கொண்டால்
ஓடிய காலம் செல்லாது, முதலிலிருந்து எண்ண வேண்டும்.
போன செவ்வாய்க்கிழமைதான் இதை விளக்கினார்,
எட்டுப் பேரில் இரண்டு பேர் கொட்டாவி விட.

இந்த ஒரு தாளோடு எந்த நீதிமன்றப் படியும் ஏறலாம்.
ஆறு பிள்ளைகளையும்
பேரிக்காய்க் கூடையோடு தெருவில் இறக்கலாம்.

அன்றிரவு இரண்டு மெழுகுவத்தி தீர்ந்ததாக
வெரேனாவின் கணக்கில் இருக்கிறது.

விடிந்ததும் வியாபாரி வாசலில் அவசரப்பட்டான்.
புதுத் தாள் வேண்டுமா என்றாள் வெரேனா.
ஊர்க் கந்தலெல்லாம் காகிதமாகும் ஆலை
கூப்பிடு தூரத்தில்தான்.
வேண்டாம் என்று,
வந்த கடிதத்தையே புரட்டிப்போட்டு
முதுகில் எழுதினார்:

'ஓடு அல்ல. புகைபோக்கிக்குப் பின்னால் ஈயத் தகடு.
அப்பா வைத்தது, ஒரு விரல் குட்டை.
மேற்குக் காற்றோடு வரும் மழைக்கு மட்டும் ஒழுகும்.
கீழே ஒரு செம்புச் சட்டி இருந்ததே, அது எங்கே?'

மடித்தார், அரக்கு வைத்தார்,
வியாபாரியின் கையில் கொடுத்தார்.

பத்து மணிக்குப் பையன்கள் வந்தார்கள்.
சொத்து விபரத்தைத் தொடங்கி,
கிணறு ஒன்று வரை வந்து, இருமினார்.
'உதாரணத்துக்குச் சொல்கிறேன்' என்றார்.